யாரும் எடுக்காத பழக்கம்

அப்பாவின் பதினாறாம் நாள் சாப்பாடு முடிந்து, பந்தல்காரர் நாற்காலிகளை எடுக்க வருவதற்குள் அவருடைய பழக்கங்களை நாங்கள் பிரித்துக்கொண்டோம். கோவில்பட்டிப் பக்கம் அப்படித்தான். வீடு, நிலமெல்லாம் மெதுவாகப் பேசிக்கொள்ளலாம். பழக்கங்கள் அதுவரை காத்திருக்காது. பதினாறாம் நாள் விசேஷத்தன்று மத்தியானம் இறந்தவரின் அறையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்து பந்தலில் உட்கார்ந்துகொள்ளும். சோறு வேண்டாம், மோர் கொடுத்தால் குடிக்கும். நாற்காலி வண்டியில் ஏறும்போது யாரிடமும் சேராமல் மிச்சமிருக்கிற பழக்கம், கதவு திறந்திருக்கும் முதல் வீட்டுக்குள் போய்விடும்.

அப்பாவின் பழக்கங்கள் எல்லாமே அவர் சாயலில் இருந்தன, இடுப்பு உயரத்தில். அவராக உண்டாக்கிக்கொண்டவை சட்டை போட்டிருந்தன. தாத்தாவிடமிருந்து வந்தவை வெறும் துண்டோடு, காதில் கடுக்கனோடு இருந்தன. வேண்டியதன் கையைப் பிடித்தால் போதும், நமக்குள் வந்து சேர்ந்துகொள்ளும்.

மூத்தவர் என்பதால் தர்மர் அண்ணன் முதலில் எடுத்தார். கடிகாரத்தைக் கொஞ்சம் முன்னால் வைத்துக்கொள்ளும் பழக்கமும், வீட்டுக்குள் நுழையுமுன் தொண்டையைச் செருமும் பழக்கமும் அவருக்குப் போயின. பொன்னுத்தாய் அக்கா தூங்கி எழுந்ததும் காலண்டர் தாளைக் கிழிக்கிற பழக்கத்தை எடுத்துக்கொண்டாள். பாரமில்லாத பழக்கம், தூத்துக்குடிக்குக் கொண்டுபோகச் சுலபம் என்றாள். நான் பூட்டை இழுத்துப் பார்க்கிற பழக்கத்தைப் பிடித்தேன். காலம் கெட்டுக் கிடக்கிறது, வீட்டுக்குப் பத்திரம் என்று எல்லாருமே மெச்சினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

கடைசியில் ஒன்று மிஞ்சியது. காதில் கடுக்கன், தோளில் பீடி சுட்ட ஓட்டையோடு தாத்தாவின் துண்டு. வீட்டிலிருந்து யார் கிளம்பினாலும் கூடவே போய், அவர்கள் கண்ணை விட்டு மறைகிறவரை நின்று பார்க்கிற பழக்கம் அது. அப்பா பஸ் ஸ்டாண்டில் அப்படித்தான் நிற்பார். பஸ் ரவுண்டானாவைத் திரும்பி, புகையும் அடங்கின பிறகுதான் கையை இறக்குவார்.

“இத யாரு எடுக்கா?” என்று அண்ணன் கேட்டார்.

“எனக்கு முட்டுவலி. நிக்க முடியாது” என்றாள் அக்கா.

“எனக்கு ஆபீசு இருக்கு. நீதான் கடையில சும்மா உக்காந்திருக்க, எடுத்துக்கயேன்” என்று அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

எனக்குப் படங்களுக்குச் சட்டம் போடும் கடை. சும்மா உட்கார்ந்திருக்கிற தொழில் இல்லை அது. அந்தப் பேச்சு எனக்குச் சுருக்கென்றது. “இப்ப யாருண்ணே பஸ்ஸுல போறா? எல்லாரும் வீட்டு வாசல்ல வண்டி ஏறி அங்கயே மறைஞ்சிருதாக. இதை வச்சு என்ன செய்ய?” என்றேன். பழக்கம் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தது. மோரைக் குடித்து முடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தது. பந்தல்காரர் நாற்காலியைக் கேட்டதும் எழுந்து, பக்கத்து வீட்டுக்குப் போனது. தேவசகாயத்தின் கதவு எப்போதும் திறந்தேதான் கிடக்கும்.

தேவசகாயம் மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு உறை தைக்கிறவர். தனிக்கட்டை. அவர் வீட்டுக்கு விருந்தாளி என்று யாரும் வந்து நான் பார்த்ததில்லை. ஆகவே வழியனுப்பவும் அவருக்கு ஆள் இல்லை. பழக்கம் வந்த மறுநாளிலிருந்து அவர் பால்காரரை வழியனுப்பினார். சிலிண்டர் கொண்டுவருகிறவரைத் தெருமுனைவரை கூட்டிப்போய்க் கை காட்டினார். எங்கள் வீட்டிலிருந்து யார் கிளம்பினாலும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிடுவார். முன்பைவிட நன்றாகச் சாப்பிட ஆரம்பித்தார், முகத்தில் தெளிவு வந்தது.

மற்ற பழக்கங்களும் போன இடத்தில் நன்றாகத்தான் வளர்ந்தன. அண்ணனுடைய கடிகாரம் முந்திக்கொண்டே போய், மகன் கல்யாணத்தில் பெண் வீட்டார் வருமுன்பே அவர் மொய் எழுதி, சாப்பிட்டு, தாம்பூலப் பையோடு மதுரையிலுள்ள தன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். அக்கா மத்தியானமும் தூங்குகிறவள், எழுந்ததும் ஒரு தாளைக் கிழித்துவிடுவாள். தூத்துக்குடியில் மற்ற வீடுகளில் ஆவணி நடக்கும்போது அவள் பொங்கல் வாழ்த்துச் சொல்ல போன் செய்வாள்.

என்னுடைய பழக்கம் முதலில் தெருமுனையில் என்னைத் திருப்பியது. பூட்டினோமா என்று தோன்றும். வந்து இழுத்துப் பார்ப்பேன். பூட்டித்தான் இருக்கும். பிறகு கடையிலிருந்து திருப்பியது. ஒருமுறை சிவகாசியில் மைத்துனன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில், பால் பொங்கிவருகிற நேரத்தில் எழுந்து பஸ் ஏறினேன். பூட்டு ஒரு நாளாவது திறந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். திறந்திருந்ததே இல்லை.

இப்படி ஆறு வருடம் போனது. என் மகள் சிவரஞ்சனிக்கு நாக்பூரில் வேலை கிடைத்தது. ஒரே பிள்ளை. பள்ளிக்கூட வேனில் அவள் போன காலமெல்லாம் அவள் தாத்தாதான், எங்கள் அப்பாதான், வாசலில் நின்றார். பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

“அப்பா, ரயிலு கெளம்புறப்ப நீங்க பிளாட்பாரத்துல நிக்கணும். தாத்தா மாதிரி. நான் ஜன்னல்ல பாத்துக்கிட்டே போவேன்.”

“நிக்கேன்மா.”

“பாதில பூட்டைப் பாக்கப் போயிருவீங்களே.”

“போமாட்டேன்” என்றேன். அவள் மறுபடியும் துணியை அடுக்கினாள். நான் சொன்னதை அவள் நம்பவில்லை என்பது மடித்த சுடிதாரையே அவள் திரும்பத் திரும்ப மடித்ததில் தெரிந்தது.

கோமதியிடம் யோசனை கேட்டேன். என் மனைவி எதையும் நேராகச் சொல்லுகிறவள். “மாமாவும் பூட்டை இழுத்துப் பாத்துட்டுத்தான பஸ் ஸ்டாண்டுக்குப் போவாக? அங்க போயி நின்னுட்டா பூட்டு நெனப்பே அவுகளுக்கு வராது. அந்த ரெண்டும் ஒண்ணையொண்ணு புடிச்சு வச்சிருந்துச்சு. நீங்கதான் ஒத்தைய மட்டும் எடுத்துட்டு வந்தீக” என்றாள். அவள் சொன்னது சரி. ஜோடி மாடுகளில் ஒன்றை மட்டும் ஓட்டிவந்த வேலையைத்தான் நாங்கள் மூன்று பேரும் செய்திருந்தோம். அன்றைக்குப் பந்தலில் இதை எடுத்துச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

தேவசகாயத்திடம் போனேன். தையல் மெஷினை நிறுத்திவிட்டு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

“தேவசகாயம், எங்க அப்பா பழக்கம் ஒங்ககிட்ட இருக்கில்லா. புள்ள ஊருக்குப் போறா. அன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் எனக்குத் தர முடியுமா?”

அவர் முகம் வாடிவிட்டது. ஆனாலும், “தரமாட்டேன்னு நான் எப்படிச் சொல்ல முடியும் அண்ணாச்சி? ஒங்க வீட்டுச் சொத்து அது. வந்தா தாராளமாக் கூட்டிட்டுப் போங்க” என்றார். கண்ணை மூடி உட்கார்ந்தார். பழக்கம் இறங்கி வந்து அவர் பக்கத்தில் நின்றது. கடுக்கன் மங்கியிருந்தது. துண்டு ஓட்டையை தேவசகாயம் சீட்டு உறை நூலால் அழகாகத் தைத்துக் கொடுத்திருந்தார். எங்கள் வீட்டில் யாருக்கும் அது தோன்றியதில்லை.

“வா, நம்ம வீட்டுக்குப் போவோம்” என்று கையைப் பிடித்தேன். பந்தலில் மற்றவை சேர்ந்ததுபோல அது எனக்குள் வந்து சேரவில்லை, ஆனால் மறுக்காமல் என்னோடு நடந்தது. எங்கள் கேட் வரை வந்ததும் நின்றுவிட்டது. நான் உள்ளே போய் வா வா என்று கூப்பிட்டேன். அது கையைத் தூக்கி ஆட்டியது. நான் இன்னும் உள்ளே போனேன், இன்னும் ஆட்டியது. சமையலறைக்குள் போய் ஒளிந்து எட்டிப் பார்த்தபோது கையை இறக்கிவிட்டு தேவசகாயம் வீட்டுக்குத் திரும்பி நடந்துகொண்டிருந்தது. மறுபடி கூட்டிவந்தேன். மறுபடியும் என்னை வழியனுப்பியது. வழியனுப்புகிற பழக்கத்தை நாம் போகிற இடத்துக்குக் கூட்டிப்போக முடியாது. அப்பாவும் எங்கள் யாரோடும் எந்த ஊருக்கும் வந்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கோமதிதான் வேறு வழி சொன்னாள். “நான் ஸ்டேஷனுக்கு வரல. உள்ளயே இருக்கேன். வீட்டைப் பூட்டவே வேண்டாம். பூட்டலைன்னா எதை இழுத்துப் பாப்பீக?” பெற்ற பிள்ளையை ரயிலேற்ற வரமாட்டேன் என்று அவள் சொல்கிறாள், எனக்காகத்தான். சரி என்றேன்.

வாசலில் கோமதி மகளைக் கட்டிக்கொண்டாள், நெற்றியில் திருநீறு பூசினாள். “போயிட்டு வாரேம்மா” என்று சொல்லி ரஞ்சனி ஆட்டோவில் ஏறினாள். தேவசகாயம் தேய்த்த சட்டை போட்டு முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்.

மத்தியான ரயில். பெட்டியை ஏற்றி, சீட்டுக்கடியில் தள்ளி, தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்து இறங்கினேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நான் அந்த விரல்கள்மேல் கையை வைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் நன்றாகத்தான் இருந்தேன். பூட்டைப் பற்றி நினைக்கவில்லை. பூட்டு இல்லையே என்று மட்டும் நினைத்தேன். இல்லையென்றால் வீடு பூட்டாமல் கிடக்கிறது என்றுதானே அர்த்தம். ஆறு வருடமாக நான் திரும்பி ஓடியதெல்லாம் இந்த ஒரு நாளுக்காகத்தான் என்று பழக்கம் எனக்குள் எழுந்து நின்றது.

“அப்பா” என்றாள் ரஞ்சனி. அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“இந்தா வந்துட்டேன்மா” என்றேன். கால் ஏற்கெனவே மேம்பாலப் படியில் ஏறிக்கொண்டிருந்தது. ஹாரன் சத்தம் கேட்டபோது நான் மேம்பாலத்தில் இருந்தேன். திரும்பிப் பார்க்க நினைத்தேன். கழுத்து திரும்பவில்லை.

வீடு வந்து கதவைச் சாத்தினேன். வெளியே பூட்டைப் போட்டுப் பூட்டி, இழுத்துப் பார்த்தேன். நல்ல இறுக்கமாக இருந்தது. உள்ளேயிருந்து கோமதி கேட்டாள்.

“போயிட்டாளா?”

“போயிருப்பா.”

“பாத்தீகளா?”

கதவுக்கு அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. இந்தப் பக்கம் நானும் கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு அவள் பின்கதவு வழியாக வந்து எனக்குக் காபி கொடுத்தாள். பின்கதவு அப்பாவின் பழக்கத்தில் சேராது. அது அம்மா பார்த்துக்கொண்டது.

இருட்டுகிற நேரமாகியும் தேவசகாயம் வரவில்லை. தேடிப் போனேன். பிளாட்பாரத்தின் வடகோடியில் கையைத் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தார். “என்ன தேவசகாயம், வீட்டுக்கு வரலையா?” என்றேன்.

“இன்னும் மறையல அண்ணாச்சி” என்றார்.

அவர் கைகாட்டிய பக்கம் பார்த்தேன். உண்மைதான். எங்கள் பக்கம் கரிசல் காடு. மேடு கிடையாது, மலை கிடையாது. தண்டவாளம் நேராகப் போகிறது. கடைசிப் பெட்டியின் முதுகு கடுகளவு தெரிந்தது.

மூன்றாம் நாள் ரஞ்சனி போன் செய்தாள். வேலையில் சேர்ந்துவிட்டாளாம், ஹாஸ்டலில் மாடி அறையாம். சாப்பாட்டில் எண்ணெய் ஜாஸ்தி என்றாள். பெட்டியில் ஊறுகாய் பாட்டில் எங்கே இருக்கிறது என்று கோமதி சொன்னாள்.

“ஜன்னலைத் திறந்தா தேவசகாயம் மாமா தெரியுறாருப்பா. காலைல பல்லு விளக்கிட்டே கை காட்டுனேன். அவரும் காட்டுனாரு. பக்கத்துல நீங்க நிக்கீங்களான்னு எட்டி எட்டிப் பாக்கேன். நீங்க தெரியல.”

“நாளைக்கு நிக்கேன்மா” என்றேன். அவள் சரிப்பா என்றாள்.

மறுநாள் தூக்குவாளியில் அவருக்குச் சோறு எடுத்துக்கொண்டு போனேன். ஸ்டேஷன்காரர்கள் அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் உட்காரவில்லை, தூக்கிய வலது கையை இறக்கவும் இல்லை. இடது கையால் சாப்பிடுவது பாவம் என்று நான் பிசைந்து ஊட்டிவிட்டேன். பிறகு பக்கத்தில் நின்று, கடுகளவு தெரிந்த அந்த முதுகைப் பார்த்துக் கையைத் தூக்கினேன். தோள்வரை வந்தபோது பூட்டு ஞாபகம் வந்துவிட்டது.

“வாரேன் தேவசகாயம்.”

“வாங்க அண்ணாச்சி” என்று வலது கையை ரயிலுக்கு ஆட்டிக்கொண்டே இடது கையை எனக்காகத் தூக்கினார். நான் மேம்பாலம் ஏறி இறங்கி, மெயின் ரோட்டில் நடந்து, எங்கள் தெருவில் திரும்பினேன். பூட்டை இழுத்துப் பார்த்தேன். பூட்டித்தான் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். கூரைகளுக்கும் டவருக்கும் நடுவே, பிளாட்பாரக் கோடியில் தேவசகாயம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பூட்டைத் திறந்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இடது கையை அவர் இன்னும் இறக்கவில்லை.