மார்புக்கு மறுபக்கம்

எதிர்வீட்டுக்குப் பதிவுத் தபால் வந்தால் எனக்குத் தெரியாமல் போகாது. அது என் தப்பில்லை. எங்கள் சமையலறை ஜன்னலை அவர்கள் வாசலைப் பார்த்தபடி கட்டிவிட்டுப் போனது யாரோ. அன்றைக்குத் தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு நகர்ந்ததும் பட்டாளத்தார் உறையைக் கிழிக்கவில்லை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு உள்ளே போய், பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்றாவது தடவையும் கையை விரித்துவிட்டார்கள் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

கால் மணி நேரத்தில் அந்த வீட்டுத் தையல் மிஷின் சத்தம் நின்றது. அண்ணி வந்தாள். பட்டாளத்தாரை நான் அண்ணா என்று கூப்பிடுவதால் அவர் மனைவி எனக்கு அண்ணி. கழுத்தில் அளவு நாடா, கையில் அந்தக் கடிதம்.

"படிச்சுப் பாருடி. நான் புரிஞ்சுக்கிட்டது சரிதானான்னு சொல்லு."

முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன் நடந்த சண்டையில் காயம்பட்டதாகச் சொல்லி விழுப்புண் பதக்கம் கோரியிருந்த விண்ணப்பதாரர், அந்தக் காலத்து ஆவணம் எதையும் காட்டவில்லை. மேலும், மருத்துவர் செய்த பரிசோதனையில் மார்பில் தழும்பு ஏதும் காணப்படவில்லை. ஆகவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.

"மார்புலயா? அங்க எதுக்குப் பார்த்தாங்க?"

"இவர் எழுதிக் கொடுத்த லட்சணம் அப்படி. 'காயம் பட்ட இடம்'னு ஒரு கட்டம் இருக்கு. அதுல என்ன எழுதியிருக்கார் தெரியுமா? 'மார்புக்கு மறுபக்கம்'."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும்தான். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மூணு தடவையும் அப்படியேதான். டாக்டர் சட்டையைக் கழட்டச் சொன்னாராம். இந்த மனுஷன் பட்டனை மட்டும் அவுத்துட்டு நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னிருக்கார். டாக்டர் இடது பக்கம் பார்த்தாராம். மறுபக்கம்னா வலது போலன்னு அங்கயும் பார்த்தாராம். 'ஒண்ணும் இல்லையே பெரியவரே'ன்னாராம். 'சரிங்க'ன்னுட்டு வந்துட்டார்."

"திரும்பி நின்னா முடிஞ்சுபோச்சு. அதுக்கென்ன அண்ணி?"

"அதை அவரைக் கேளு. இல்ல, உன்னையே கேட்டுக்கோ."

கடைசி வார்த்தையை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள், நூலைக் கடித்துத் துப்புகிற மாதிரி.

பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாரிடம் அடி வாங்கிப் படித்த யாருக்கும் இது தெரியும். விழுப்புண் என்றால் எதிரியை நேருக்கு நேர் பார்த்து நெஞ்சில் ஏற்கிற புண். முதுகில் பட்டால் அது புறப்புண். பேரும் வேறு, மரியாதையும் வேறு. பதக்கத்துக்குப் பேர் வைத்த அதிகாரி இவ்வளவு தூரம் யோசித்திருக்க மாட்டார். சண்டையில் உடம்பில் எங்கே பட்டாலும் அதே பதக்கம்தான். பட்டாளத்தார் மனதில் நின்றது அந்த உத்தரவு இல்லை, ஏழாம் வகுப்புப் பாடம்.

பாடத்தை மறந்திருந்தாலும் எங்கள் தெரு மறக்க விட்டிருக்காது. தெருவில் அவருக்கு 'முதுகு மேஜர்' என்று பேர். அவர் மேஜர் இல்லை, வெறும் சிப்பாய். அந்தப் பேரை யாரும் அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. பொருத்தமாக, முதுகுக்குப் பின்னால்தான் சொல்வோம். பேர் வைத்தது யார் என்று கேட்டால் நான் தண்ணீர் குடிக்க எழுந்து போவேன்.

அண்ணி சொல்லிக்கொண்டே போனாள். காயத்துக்குத் தையல் போட்டது ஒரு கூடாரத்தில். அந்தக் கூடாரத்துக் காகிதங்களை ஏற்றிக்கொண்டு வந்த லாரி, திரும்பும் வழியில் ஆற்றில் போய்விட்டது. கூட இருந்தவர்களில் மிச்சம் இருப்பது ஒருவர். அவருக்குப் பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியவில்லை.

"நான் சாட்சி சொல்றேன்னேன். பொண்டாட்டி சாட்சி செல்லாதாம். லீவுல வந்தப்ப தினம் கட்டுப் பிரிச்சுக் கட்டினவ நான். எனக்குத் தெரியாதது அந்த ஆபீசுக்குத் தெரியுமாம். அந்தக் காலத்துல எழுதின காகிதம் ஏதாவது ஒண்ணு வேணுமாம். யாரு எழுதி வச்சிருக்கப் போறா?"

நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

எழுதி வைத்திருந்தது நான். கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகாத சமயம். ரவிக்கைக்கு அளவு கொடுக்கிற சாக்கில் எதிர்வீட்டுக்குள் நுழைந்தேன். பின்கட்டில் அண்ணி அவருக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். பார்த்ததைப் பார்த்தபடி, பார்க்காததைச் சேர்த்து, அன்று சாயங்காலமே என் அக்காவுக்கு எழுதிப் போட்டேன்.

அண்ணி போனதும் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"கல்யாணமான புதுசுல நான் உனக்கு எழுதின கடுதாசியெல்லாம் இருக்கா அக்கா?"

"எல்லாம் இருக்கு. உன் மாமியாரைப் பத்தி நீ எழுதினதை வச்சு உன்னை என்னைக்காவது மிரட்டலாம்னு பத்திரமா வச்சிருக்கேன்."

எது வேண்டும் என்று சொன்னேன். தேடி எடுத்தாள். போனிலேயே வாசிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"இதையாடி அந்த மனுஷன் கையில கொடுக்கப் போற? உனக்கென்ன கிறுக்கா?"

நான்கு நாளில் கடிதம் என் கைக்கு வந்தது. ஒரே தாள், மடித்து ஒட்டி, வெளிப்பக்கம் விலாசம் எழுதுகிற வகை. முத்திரையில் தேதி தெளிவாக இருந்தது. சண்டை முடிந்த இருபத்தாறாம் நாள். வேண்டாத வரிகளைக் கத்தரித்துவிடலாமா என்று பார்த்தேன். முத்திரைக்கு நேர் பின்னால்தான் அவை இருந்தன. ஒன்றை வெட்டினால் இன்னொன்றும் போய்விடும். இரண்டு நாள் அதை அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் தெருவைக் கடந்தேன். பத்தடித் தெரு அது.

பட்டாளத்தார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"எதிர்வீட்டுப் பட்டாளத்தார் வந்திருக்கிறார் அக்கா. ஆளைப் பார்த்தால் சிங்கம்தான். ஆனால் காயம் எங்கே தெரியுமா? முதுகில்! இடது தோளுக்குக் கீழே, அரைச் சாண் நீளம், ஒன்பது தையல். நானே எண்ணினேன். முன்னால் பட்டவனை வீரன் என்பார்கள், பின்னால் பட்டவனை என்னவென்பார்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? சிங்கம் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடி வந்திருக்கிறது. நான் அவருக்கு முதுகு மேஜர் என்று பேர் வைத்துவிட்டேன். தெருவில் எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று."

முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தார். அண்ணி மிஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தியிருந்தாள்.

"ஒன்பதுதானா? நான் பதினொண்ணுன்னு நினைச்சுட்டிருந்தேன்" என்றார்.

தன் முதுகை அவர் எப்படிப் பார்த்திருப்பார்?

"அண்ணா, நான் அப்ப சின்னப் பொண்ணு. வாய்க்குப் பூட்டு கிடையாது."

"இப்ப இருக்கா?" என்றாள் அண்ணி.

"விடு" என்றார் அவர். "ஓடி வந்தது நிஜம்தாம்மா. பின்வாங்கச் சொல்லி உத்தரவு. ஓடுறவனுக்கு வேற எங்க படும்? என் பக்கத்துல ஓடினவனுக்கும் முதுகுலதான் பட்டுச்சு. அவன் எந்திரிக்கலை. அவனுக்கு அந்த வருஷமே பதக்கம் கொடுத்துட்டாங்க. செத்தவன்கிட்ட எங்க பட்டுச்சுன்னு யாரும் கேக்கறதில்லை. உயிரோட வந்தவனுக்கும் அது உண்டா இல்லையா? அது தெரிஞ்சா போதும் எனக்கு."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மறு வாரம் மூன்று பேரும் அலுவலகத்துக்குப் போனோம். கவுண்டரில் இருந்த அம்மாளுக்கு மூக்கு நுனியில் கண்ணாடி. சான்றாக வரும் கடிதத்தை எழுதியவர் முன்னால் வாசித்துக் காட்டி ஒப்புதல் வாங்குவது அங்கே முறையாம். மின்விசிறி போட்ட இரைச்சலில் அந்த அம்மாள் உரக்க வாசித்தார். பின்னால் பெஞ்சில் இருபது பேர். 'முதுகு மேஜர்' வந்த இடத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். முப்பத்தெட்டு வருடமாக அந்த நகைச்சுவைக்கு நானும் சிரித்திருக்கிறேன். அன்றைக்கு அது எவ்வளவு மட்டமானது என்று தெரிந்தது. பட்டாளத்தார் கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நேரே நின்றார்.

"இது உங்க கையெழுத்துதானா?"

"ஆமாங்க."

"ஓடி வந்தார்னு எழுதியிருக்கீங்க. நீங்க பார்த்தீங்களா?"

"இல்லைங்க."

"அப்புறம் எப்படி எழுதினீங்க?"

"நானா கட்டினது. தையலை மட்டும்தான் பார்த்தேன்."

"பார்த்ததை மட்டும் இதுல எழுதிக் கொடுங்க."

ஒரு முழுப் பக்கத் தாள் கொடுத்தார். ஐந்து வரியில் முடிந்துபோயிற்று. "அந்தப் பழைய கடுதாசில கடைசி நாலு வரியை அடிச்சுடலாமாங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"பழைய காகிதத்துல கை வைக்கக் கூடாதும்மா. அசல் கோப்புலயே இருக்கும்."

"இருக்கட்டும்" என்றார் பட்டாளத்தார்.

புது விண்ணப்பத்தை அவரிடம் நீட்டினார்கள். அந்தக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. அண்ணி வேறு பக்கம் பார்த்தாள். மூன்று எழுத்துதான்: முதுகு. புள்ளி எழுத்துகூடக் கிடையாது. அதை எழுத அவருக்கு ஒரு விண்ணப்பம் முழுவதும் எழுதுகிற நேரம் பிடித்தது. பிறகு டாக்டர் அறைக்குப் போனார். கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. சாத்தியிருந்தாலும் நான் கேட்டிருப்பேன்.

"திரும்புங்க பெரியவரே."

சட்டை நாற்காலி மேல் விழுந்த சத்தம் கேட்டது. அப்புறம் டாக்டரின் குரல், நிதானமாக, ஒன்று இரண்டு என்று எண்ணியது. ஒன்பதில் நின்றது.

நான்கு மாதம் கழித்து ஒரு முற்பகலில் பட்டாளத்தார் எங்கள் வாசலில் வந்து நின்றார். இத்தனை வருடத்தில் அவர் என் வீட்டுப் படி ஏறியதில்லை. கையில் பிரித்த உறை. பெட்டி எதுவும் இல்லை. அது பின்னால் வருமாம்.

"படிம்மா" என்றார்.

வாங்கி மனதுக்குள் படித்தேன். கண் கொஞ்சம் கலங்கியது. "நல்ல செய்திண்ணா" என்று திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

"சத்தமாப் படி. நாலு வீட்டுக்குக் கேக்கணும். உனக்கு அது நல்லா வருமே."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். நான் வாசற்படிக்கு வெளியே வந்து, தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"அந்நாளில் எழுதப்பட்ட கடிதம் ஒன்றைச் சான்றாக ஏற்று, போர்க்களத்தில் முதுகில் பட்ட காயத்துக்காக..."

அந்த இடத்தில் என் குரல் இறங்கிவிட்டது.

"திரும்பப் படி" என்றார்.

மூச்சை இழுத்துக்கொண்டு முதலிலிருந்து படித்தேன். பக்கத்து வீட்டில் குழாயை மூடினார்கள். மாடி வீட்டுக்காரி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். "முதுகில்" என்று தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி சொன்னேன். "முதுகில் பட்ட காயத்துக்காக, இவருக்கு விழுப்புண் பதக்கம் வழங்கப்படுகிறது."