தம்புசாமியின் கட்டிலருகே

ஜெயராஜின் கை நடுங்கத் தொடங்கியது மனைவி கிரேஸ் இறந்த வருஷத்தில். முதலில் காப்பிக் கோப்பையில் தெரிந்தது. பிறகு சட்டைப் பொத்தானில். மகள் ஷாமினிக்குத் தெரியக்கூடாது என்று பாதிக் கோப்பைதான் ஊற்றிக்கொள்வார். எழுபத்தேழு வயதில் அப்படி எத்தனை நாள் மறைக்க முடியும்?

புதன்கிழமைதோறும் பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலிருந்து கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு நடந்துபோய், கொம்யூட்டர் ரயிலேறி கிளாங்கில் இறங்குவார். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் படுக்கையில் கிடக்கும் ஆண்களுக்கு முகச்சவரம் செய்துவிடுவது அவருடைய ஊழியம். ஒரு காலத்தில் சபையிலிருந்து ஒரு கூட்டமே போனது. சிலர் செத்துப்போனார்கள், ஒருவர் மகனோடு ஜொகூருக்குப் போய்விட்டார், இன்னொருவருக்குத் தன் பெயரே நினைவில்லை. கடைசியில் மிஞ்சியவர் ஜெயராஜ்.

"வீட்டுல ரெஸ்ட் எடுங்களேன்ப்பா" என்பாள் ஷாமினி.

"ரயில்வேலதாம்மா ரிட்டையர் ஆனேன். ஆண்டவர் இன்னும் லெட்டர் குடுக்கல" என்று சிரித்துவிட்டுப் போவார்.

அந்தச் சிரிப்பு ஒரு புதன்கிழமையோடு நின்றது. தம்புசாமி என்ற பழைய லோரி டிரைவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். சர்க்கரை வியாதியில் ஒரு காலை எடுத்திருந்தார்கள். வாய் மட்டும் ஓயாது. தாடைக்குக் கீழே வந்தபோது ஜெயராஜின் கை உதறியது. ரேசர் ஆழமாக இறங்கிவிட்டது. ரத்தம் கழுத்தில் வழிந்து பனியனில் ஊறியது. எவ்வளவு அழுத்திப் பிடித்தும் நிற்கவில்லை.

"கோழி அறுக்கிறானா இவன்!" என்று தம்புசாமி கத்தினார். இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் மாதவி பஞ்சோடு ஓடிவந்தாள். ரத்தம் நின்ற பிறகு ஜெயராஜைத் தனியாக வாசலுக்கு அழைத்துப் போனாள்.

"கோவிச்சுக்காதீங்க அங்கிள். இனிமே சவரம் வேணாம் லா."

அவர் தலையாட்டினார். சவரப் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வந்தார்.

அதன் பிறகு வீட்டில் ஜன்னல் பக்கமாகவே உட்கார்ந்திருந்தார். கீழே சேலைக் கடைகளின் பாட்டுச் சத்தம் நாள் முழுக்க ஏறி வந்தது. போதகர் தனேஷ் வந்து பார்த்தார். அவர் வயசு ஜெயராஜின் பேரன் வயசுக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

"நீங்க நெறைய செஞ்சுட்டீங்க அங்கிள். இப்ப நாங்க உங்களுக்காக ஜெபிக்கிற நேரம்."

அன்பாகத்தான் சொன்னார். ஆனால் ஜெயராஜுக்கு அது சவப்பெட்டிக்கு அளவெடுப்பதுபோல் இருந்தது. போதகர் போனதும் முழங்காலில் நிற்க முயன்றார், முடியவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தபடியே கேட்டார்: "அவளை எடுத்துக்கிட்டீர். கையை எடுத்துக்கிட்டீர். வேலையையும் எடுத்துக்கிட்டு உசுர மட்டும் எதுக்கு ஆண்டவரே விட்டு வச்சிருக்கீர்?" தம்புசாமியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை என்பது மட்டும் நெஞ்சில் முள்ளாக நின்றது. சட்டையை மாட்டிக்கொண்டு கிளாங்குக்குக் கிளம்பினார்.

தம்புசாமி பாதியாக இளைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் வைத்திருந்து திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

"அந்தக் காயத்தாலயாம்மா?" என்று மாதவியிடம் கேட்டார் ஜெயராஜ்.

"கிட்னி போயிடுச்சுன்னு டாக்டர் சொன்னாரு அங்கிள்" என்றாள் அவள். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

தம்புசாமி கண்ணைத் திறந்தார். "என்ன, மிச்சத்த அறுக்க வந்தீங்களா?"

"மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"கேட்டாச்சுல்ல. ஜெபம் கிபம்னு ஆரம்பிக்காதீங்க."

"வேணாம்னா பண்ணல. சும்மா உக்காந்துட்டுப் போறேன்."

தம்புசாமி கண்ணைச் சுருக்கினார். பிறகு, "அப்ப அந்தப் பக்கமா உக்காருங்கண்ணே. வெயில் மூஞ்சில அடிக்குது" என்றார்.

ஜெயராஜ் நாற்காலியை ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவே இழுத்துப்போட்டு, முதுகில் வெயில் சுட உட்கார்ந்தார். மறுநாளும் வந்தார், அதற்கடுத்த நாளும். ஷாமினி கத்திப் பார்த்து ஓய்ந்தாள். தம்புசாமி லோரி ஓட்டிய கதைகளைச் சொல்வார். பேச்சு குறையக் குறைய ஒரே பெயரைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: லோகன். செலாயாங் மொத்த வியாபார மார்க்கெட்டில் வேலை பார்க்கும் மகன்.

ஜெயராஜ் செலாயாங்குக்குப் போனார். முட்டைக்கோஸ் கூடைகளுக்கு நடுவே லோகனைக் கண்டுபிடித்து விஷயத்தைச் சொன்னார். லோகன் கூடையை இறக்கி வைத்தான்.

"நீங்க நல்லவரு மாதிரி இருக்கீங்க அங்கிள். எங்கம்மாவ அவரு தெனமும் அடிப்பாரு. ஒரு நாளு வயித்துல எட்டி ஒதச்சாரு, அன்னிக்குப் படுத்தவங்க எந்திரிக்கல. கீழ விழுந்துட்டாங்கன்னு எல்லாருகிட்டயும் சொல்லிட்டாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். சின்னப் பையன். வரமாட்டேன்."

ரயிலில் திரும்பும்போது ஜெயராஜ் தன்னையே கேட்டுக்கொண்டார். அத்தனை நாளாகத் தான் வெயில் மறைத்தது இந்த மனுஷனுக்கா?

"பாத்தீங்களா?" என்றார் தம்புசாமி.

"பாத்தேன்."

"என்ன சொன்னான்?"

ஜெயராஜ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அவன் பொய் சொல்லமாட்டான்" என்றார் தம்புசாமி. கண்ணீர் காதுக்குள் இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்கத் தெம்பில்லை. "இன்னமும் உக்காருவீங்களாண்ணே?"

ஜெயராஜ் எழுந்து வாசல்வரை போனார். வெளியே சாலையில் ஒரு டாக்சி நின்றது. ஏறிவிட்டால் போதும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "என்னால முடியல ஆண்டவரே, இவன எனக்குப் பிடிக்கல" என்று முணுமுணுத்தார். மனம் இளகவெல்லாம் இல்லை. வெறுப்பு அப்படியே இருந்தது. அதையும் தூக்கிக்கொண்டு திரும்பி வந்து, தம்புசாமியின் கண்ணைத் துடைத்துவிட்டு, அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

தம்புசாமி இரண்டு நாள் கிடந்தார். கடைசிப் பிற்பகல் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது, ஜெயராஜின் நடுங்கும் கையைப் பிடித்துக்கொண்டார். ஏதோ சொல்லப் பார்த்தார். மன்னிப்பா, மகன் பெயரா, தெரியவில்லை. சத்தம் சொல்லாகாமலே நின்றுவிட்டது.

மாதவி லோகனுக்குச் செய்தி அனுப்பினாள். நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

மின்சுடலைக்கு இல்லத்து வேனில் மாதவியும் ஜெயராஜும் போனார்கள். ஐயரை ஏற்பாடு செய்ய ஆளில்லை. மாதவி தனக்குத் தெரிந்த தேவாரத்தில் நாலு வரி பாடினாள். ஜெயராஜ் கண்ணை மூடி, தம்புசாமிக்காக அல்ல, முட்டைக்கோஸ் கூடைகளுக்கு நடுவே நின்றவனுக்காக ஜெபித்தார்.

"பட்டன் யாரு அமுக்குறது? மகனா?" என்று கேட்டார் அங்கே வேலை செய்பவர்.

"மகன் இல்ல. நான் அமுக்குறேன்" என்றார் ஜெயராஜ். முதல் தடவை விரல் நழுவியது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார். உள்ளே நெருப்பு பற்றும் சத்தம் கேட்டது.

அடுத்த புதன்கிழமை ஷாமினியே அவரை ஸ்டேஷன்வரை கொண்டுவந்து விட்டாள். "போன ஆஃப் பண்ணாதீங்கப்பா" என்றாள்.

இல்லத்தில் தம்புசாமியின் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டிருந்தார்கள். பஸ் ஸ்டேஷனில் கிடந்த ஒருவரைக் கொண்டுவந்து படுக்க வைத்திருந்தார்கள். வந்ததிலிருந்து அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, சாப்பிடவும் இல்லை என்றாள் மாதவி.

ஜெயராஜ் கஞ்சிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். கரண்டி கிண்ணத்தில் மோதிக் கிணுகிணுவென்று சத்தம் போட்டது.

"என் பேரு ஜெயராஜ். பிரிக்பீல்ட்ஸ்லேருந்து வரேன்" என்றார்.

அந்த மனிதர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"சரி. ஆறட்டும்" என்றார் ஜெயராஜ்.