தெளிந்த தண்ணீர்

செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் கெளுத்திப் பண்ணையின் மூன்றாம் குளத்தில் ஆக்சிஜன் மீட்டரை இறக்கினேன். 2.8 காட்டியது. முனையைச் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி இறக்கினேன். 2.7. பகலில் பாசிதான் தண்ணீருக்குள் ஆக்சிஜனை நிரப்பும். அந்தச் சேமிப்பை வைத்துத்தான் கெளுத்திகள் விடியும்வரை மூச்சுவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மூட்டம் போட்டிருக்கிறது, சரி. அப்படியே இருந்தாலும் இந்நேரம் ஆறு, ஏழாவது இருக்க வேண்டாமா?

அப்போதுதான் தண்ணீரைச் சரியாகப் பார்த்தேன். பட்டாணிச் சாறு மாதிரி பச்சையாக இருந்த குளம். இப்போது கரையோரத்துச் சேற்றில் நண்டு போட்ட கோடுகூடத் தெரிந்தது.

கொழுந்தன் ஓசெல் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. "தண்ணியப் பாத்தீங்களா அண்ணி? கண்ணாடி!"

பருத்தி விளைந்த இந்த மண்ணில் மூன்று குளங்களையும் வெட்டியது என் புருஷன் ஹோஸியா. இரண்டு வருடம் முன்னால் நெஞ்சுவலியில் போனான். அவன் பங்குக்கு நான், மறு பங்குக்கு ஓசெல். சிகாகோவில் இருபது வருடம் பேருந்து ஓட்டியவன். சோம்பேறி என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் எதற்கும் பொறுமை கிடையாது. சிவப்பு விளக்கில் நிற்பவனைப் போலவே வாழ்க்கை முழுக்க உறுமிக்கொண்டிருப்பான். நான் மீட்டரும் கையுமாகக் கரையைச் சுற்றுவதைப் பார்த்தால், ஜோசியம் பார்க்கக் கிளம்பிவிட்டீர்களா என்பான்.

இந்த மாதம் அவன் பொறுமையைச் சோதித்தது மீன் ஆலைக்காரி மேவிஸ். மீன் ஏற்ற வண்டி அனுப்பும் முன் குளத்துக்கு ஒரு மீனை வேகவைத்து வாயில் போட்டுப் பார்ப்பது அவள் வேலை. மூன்றாம் குளத்து மீனை மூன்று முறை துப்பிவிட்டாள். மண் வாடையாம். அது பாசியால் வருவது, தானாகப் போகும், காத்திருப்போம் என்றேன். அவன் காத்திருக்கவில்லை. ஞாயிறு தேவாலயம் முடிந்து நான் அக்கா வீட்டுக்குப் போன நேரத்தில் பாசியைக் கொல்லும் மயில்துத்தத்தை மூட்டை மூட்டையாகக் கொட்டியிருக்கிறான். அவன் வாயாலேயே இப்போதுதான் சொன்னான்.

"எத்தன மூட்ட?"

"எண்ணல அண்ணி. பாசி சாகணும்ல? செத்துருச்சு. வியாழக்கிழமை மேவிஸ் வந்து துப்பட்டும் பாக்கலாம்."

"பாசி செத்தா மீனுக்கு மூச்சு யாருடா குடுப்பா? செத்த பாசி அழுகி, மிச்ச மூச்சையும் அதுதான் குடிக்கும். கொஞ்சங்கொஞ்சமா, தண்ணிய சோதிச்சு அளந்துல்ல போடணும்."

"உங்க மீட்டர் என்னைக்கு நல்ல வார்த்த சொல்லிருக்கு?"

பக்கத்து நிலத்து பெட்டிஸ் இரண்டு முறை கேட்டுவிட்டான், குளத்தைத் தூர்த்துத் தனக்குக் கொடுத்தால் சோயா போடுவேன் என்று. இந்த அறுவடை போனால் மறுபடி மீன்குஞ்சு வாங்கி விட எங்களுக்குத் தெம்பு கிடையாது. ஹோஸியா வெட்டிய குளத்தில் சோயா நிற்பதைப் பார்க்க நான் எதற்கு உயிரோடு இருக்க வேண்டும்?

திட்டிக்கொண்டிருக்க நேரமில்லை. தண்ணீரை அடித்துக் காற்றேற்றும் துடுப்புச் சக்கரங்கள் எங்களிடம் இரண்டே இரண்டு. ஒன்று இந்தக் குளத்திலேயே கிடந்தது, ஓடவிட்டேன். மற்றதை முதல் குளத்திலிருந்து டிராக்டரில் இழுத்து வரச் சொன்னேன். அந்தக் குளமும் இரண்டாம் குளமும் பச்சையாக இருக்கின்றன, ஓர் இரவு தாங்கிவிடும் என்று கணக்குப் போட்டேன். இந்த மூட்டத்தில் சுற்றுவட்டாரத்தில் எவனும் சக்கரம் இரவல் தரமாட்டான். அவனவன் குளம் அவனவனுக்கு.

ஓசெல் நகரவில்லை. சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றான்.

"ஏன்டா நிக்குற?"

"மூட்ட மிச்சமாயிருச்சு அண்ணி," என்றான். "வீணாப் போகுதேன்னு காலைல..."



"ஒண்ணாவதுலயுமா?"

"ரெண்டாவதுலயும்."

காலையில் அந்த இரண்டு குளங்களையும் நான் அளந்தபோது ஆறுக்கு மேல் இருந்தது. அதற்குப் பிறகு கொட்டியிருக்கிறான். இப்போது ஓடிப்போய் அளந்தேன். ஒன்றில் 3.9. இன்னொன்றில் 4.1. இரண்டும் இறங்கிக்கொண்டிருந்தன. மூன்று குளம், இரண்டு சக்கரம். எதை விடுவது என்று என்னைக் கேட்டான். பிள்ளைகளில் எதை விடுவது என்று எவளாவது சொல்வாளா? ஆனால் சொன்னேன். மூன்றாவதை விட்டுவிடு என்றேன். மேவிஸ் துப்பிய குளம்தானே. சொல்லும்போது வாய் கசந்தது.

முதல் குளத்துச் சக்கரத்தை அங்கேயே ஓடவிட்டு, மூன்றாவதில் இருந்ததைக் கழற்றி இரண்டாம் குளத்துக்கு ஏற்றிவிட்டுத் திரும்பினோம். வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. மூன்றாம் குளக் கரை நெடுக நாரைகள் வந்து இறங்கியிருந்தன, ஒன்றுகூட மீன் பிடிக்கவில்லை, சும்மா நின்றன. தண்ணீரின் மேல்மட்டம் முழுக்க வாய்கள். ஆயிரக்கணக்கான கெளுத்திகள் மேலே வந்து, மீசை விரிய, காற்றுக்காக வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன.

ஓசெலின் முகம் மலர்ந்தது. இரண்டு நாளாகத் தீவனம் தொடாத மீன்கள்.

"அண்ணி, பசி வந்துருச்சு பாருங்க. பொழச்சுக்குச்சு."

நான் தடுக்கவில்லை. அந்தக் குளத்தை ஏற்கெனவே விட்டாகிவிட்டது. வண்டியிலிருந்து தீவன வாளியை எடுத்துக்கொண்டு ஓடி, இரண்டு கையாலும் அள்ளி வீசினான். உருண்டைகள் மிதந்தன. காற்று அவற்றை மெல்லத் தள்ளிக்கொண்டு போய் அந்த வாய்களில் முட்டியது. வாய்கள் திறந்தன, மூடின, திறந்தன. அவன் இன்னும் வீசிக்கொண்டே இருந்தான். ஓர் உருண்டைகூடக் குறையவில்லை.