மறைப்புக்குப் பின்னால் உருண்ட பகடை

சிவரஞ்சனிக்குச் சந்தேகப்படுவதுதான் உத்தியோகம். ரெட்டிபாளையத்தில் ஒரு சிமெண்ட் ஆலையின் எடை மேடையில் ஒன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். சுண்ணாம்புக்கல் லோடை எடை போடும்போது லாரி கிளீனர் கேபினுக்குள் சுருண்டு படுத்திருப்பான். காலி வண்டி எடைக்கு வரும்போது இறங்கி டீ குடிக்கப் போய்விடுவான். அவனுடைய அறுபது கிலோவும் கல் கணக்கில் சேர்ந்துவிடும். இப்படிப்பட்டவர்களைப் பிடித்துப் பிடித்து, கோயிலில் கொடுக்கிற விபூதியைக்கூட முறைத்துப் பார்க்கிற புத்தி அவளுக்கு வந்துவிட்டது.

அதனால்தான் லியோ பிரபு பகடையை உருட்டிவிட்டு, "தப்பிச்சாச்சு" என்று சொன்னபோதெல்லாம் அவள் கண் அந்த அட்டை மறைப்பை விட்டு நகரவில்லை.

ஞாயிறு மதியம், அரியலூரில் தர்மனின் எலக்ட்ரிகல் கடை மாடியில் நான்கு பேர் கூடுவார்கள். லியோ பெரம்பலூரில் கல்லூரி வாத்தியார். காலைப் பூசை முடித்துப் பஸ் ஏறி வருவார். கதையை நடத்துபவர் அவர்தான். ராஜா, பூதம், கொள்ளைக்காரன் எல்லாருக்கும் அவர்தான் வாய். மற்ற மூவருக்கும் ஆளுக்கொரு வீரர். வாளை வீசினாலும் சரி, கதவை உடைத்தாலும் சரி, நடக்குமா நடக்காதா என்று இருபது முகப் பகடைதான் சொல்லும். எதிரிகளின் பகடையை மட்டும் லியோ ஒரு பழைய காலண்டர் அட்டையை மடக்கி நிறுத்தி அதற்குப் பின்னால் உருட்டுவார். வீரர் செத்தால் அவருடைய பலம், ஆயுதம் எல்லாம் எழுதி வைத்த தாளைக் கிழித்துவிட்டு அடியிலிருந்து தொடங்க வேண்டும்.

சிவரஞ்சனியின் வீராங்கனை பெயர் வேங்கையம்மா. இரண்டு வருஷமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்தவள். "இவ செத்தா நான் இந்தப் பக்கமே வர மாட்டேன்" என்று முதல் நாளே சொல்லி வைத்திருந்தாள். வேங்கையம்மாவின் பெரிய பெருமை, கொள்ளிடத்து முதலையைக் கொன்றது. போன வருஷம், நான்காவது ஆளான ஷைனி ஏலாக்குறிச்சி மாதா கோயில் திருவிழாவுக்குப் போயிருந்த ஞாயிறு அது. தர்மனின் ஆள் மயங்கிக் கிடக்க, முதலையின் கடிக்கெல்லாம் தப்பி வேங்கையம்மா தன்னந்தனியாக நின்று கொன்றாள். அந்த வாரம் முழுக்க சிவரஞ்சனி லாரிக்காரர்களிடம்கூடச் சிரித்துப் பேசினாள்.

இந்த ஷைனிதான் இப்போது சிக்கல். லியோவின் சித்தப்பா மகள். ஆட்டத்தில் அவளுடைய வைத்தியச்சிக்கு மூன்று மாதமாக ஒரு கீறல்கூட விழவில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

போன வாரம் டீ வேளையில் சிவரஞ்சனி லியோவின் பகடையை எடுத்துப்போய், உப்பைக் கொட்டிக் கரைத்த தண்ணீரில் மிதக்கவிட்டுச் சுண்டிப் பார்த்தாள். ஒரு பக்கம் கனம் என்றால் ஒரே எண்தான் மேலே வரும். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண் வந்தது. பகடை யோக்கியம்தான். அப்படியானால் ஆள் யோக்கியமில்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

இந்த ஞாயிறு, குகைக்குள் ஐந்தலை நாகம் சீறியதும் அவள் எழுந்து நின்றாள்.

"சார், அட்டைய எடுங்க. நடு மேசையில உருட்டுங்க."

"மறைச்சு உருட்டலாம்னு விதியிலயே இருக்குங்க."

"எதை மறைக்கிறீங்கன்னுதான் கேக்கறேன்."

தர்மன் நெளிந்தான். "வேணாம்க்கா. விட்டுடுங்க."

இவனும் கூட்டு என்று அவளுக்குப் பட்டது. லியோவுக்குப் பக்கத்தில் உட்காருகிறவன் அவன்தானே. "எடுங்க சார்" என்றாள் மறுபடியும்.

லியோ அவளையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அட்டையை மடக்கிக் கீழே வைத்தார். வைத்தியச்சி மேல் நாகம் பாய்ந்தது. பகடையில் மூன்று. ஷைனி தப்பித்தாள். அடுத்த தலை வேங்கையம்மா மேல் பாய்ந்தது. பதினைந்தைத் தாண்டினால் உயிர் போகும்.

பத்தொன்பது.

தர்மன்தான் வாயைத் திறந்தான். "உங்க வேங்கையம்மா போன மாசமே மூணு தடவ செத்திருக்கணும்க்கா. நான் பக்கத்துலேர்ந்து பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

"வர மாட்டேன்னு சொல்லிட்டீங்க. நாலு பேரு மூணு பேராயிட்டா ஆட்டமே கலைஞ்சிரும்னு பயம்ங்க" என்றார் லியோ, மேசையைப் பார்த்தபடி.

சிவரஞ்சனிக்கு முகம் எரிந்தது. இத்தனை நாளும் கேபினுக்குள் சுருண்டு படுத்திருந்தது அவள்தான். உடனே அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்தது.

"முதலை?" என்று கேட்டாள். "அதையாவது நான் கொன்னேனா?"

லியோ பகடையைக் கையில் எடுத்துக்கொண்டார். தர்மன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அது நெசம்க்கா!" என்றாள் ஷைனி அவசரமாக. "முதலையோட பகடை உருண்டு அட்டைக்கு வெளியில வந்துச்சு. நான் என் ரெண்டு கண்ணால பாத்தேன்." அவள் கை கழுத்துச் சங்கிலியின் சிலுவையைப் பிடித்திருந்தது.

அன்றைக்கு நீ ஏலாக்குறிச்சியில் அல்லவா இருந்தாய்? ஒன்பது வருஷப் பழக்கத்தில் கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஷைனிக்கும் அந்த நொடியில்தான் அது நினைவு வந்திருக்க வேண்டும். காதுவரை சிவந்து, சிலுவையை விடாமல் நின்றாள்.

"ஆமா," என்றாள் சிவரஞ்சனி. "எனக்கும் ஞாபகம் இருக்கு."

வேங்கையம்மாவின் தாளை இரண்டாகக் கிழித்தாள். லியோவிடம் கையை நீட்டினாள்.

"புதுத் தாள் ஒன்னு குடுங்க சார்."