திரும்பி வந்த தோடுகள்

தெருவுக்கே துணி தைத்துக் கொடுத்தவளுக்கு முத்துக் கோப்பது ஒரு பெரிய வேலையா? முழங்கால் வலி வந்து தையல் மெஷினை மிதிக்க முடியாமல் போனதும், வீட்டிலிருந்தே தோடு செய்யும் வேலைக்கு அம்மா முன்பணம் கட்டினாள். பெட்டியில் முத்து, கம்பி, பார்த்துச் செய்ய ஒரு மாதிரித் தோடு எல்லாம் வந்தன. செய்து அனுப்பினால் கூலி என்றது கம்பெனி. கூலி வரவில்லை, தோடுகள் திரும்பி வந்தன. "தரம் போதவில்லை. புதுப் பெட்டி வாங்கி மறுபடி முயலவும்" என்று ஒரு சீட்டு.

மகளுக்கு மருந்துக் குப்பித் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. அங்கே ஒரு குப்பி திரும்பி வந்தால் தப்பு அதைச் செய்தவர்மேல்தான்.

"வாடி பூதக்கண்ணாடி, என்ன குறைன்னு நீயே சொல்லு," என்று சிரித்தாள் அம்மா.

குறை தேடுகிற கண்ணுக்குக் குறையா அகப்படாது? "இந்தக் கம்பி வளைஞ்சிருக்கு. கவனம் எங்கம்மா இருந்துச்சு?"

"சீரியல்லதான்."

"சிரிக்காத. எல்லாத்தையும் பிரி."

பிரித்தாள். புதுப் பெட்டி வாங்கிச் செய்த தோடுகளும் திரும்பி வந்தன. "உனக்குக் கை வராதும்மா, விட்டுடு," என்று மகள் அலுப்பில் சொல்லிவிட்டாள். அன்று அம்மா கேலி பேசவில்லை.

இன்னொரு பெட்டி வாங்கச் சொல்லிக் கம்பெனி நச்சரித்தபோதுதான் மகளுக்குப் பொறி தட்டியது. தொழிற்சாலையில் சோதிக்கும் கருவிமேலேயே சந்தேகம் வந்தால், நல்ல குப்பி ஒன்றை வைத்துப் பார்ப்பார்கள். அவள் கம்பெனியின் மாதிரித் தோட்டையே அம்மா செய்தது போல அனுப்பினாள். அதுவும் அதே சீட்டோடு திரும்பியது. அவர்களுக்கு வேண்டியது தோடு அல்ல. பெட்டி விற்பதுதான் அவர்கள் பிழைப்பு.

"அம்மா, பித்தலாட்டக்காரனுங்க! அவங்க செஞ்சதையே வேணாம்னுட்டாங்க. உன் வேலைல குறையே இல்ல. நான் சொன்னதுதான் தப்பு."

"விடுடி. கம்பி வளைஞ்சுதானே இருந்துச்சு?"

மாதிரித் தோட்டிலும் அதே வளைவு. மகள் அதைத் தொட்டுக் காட்டினாள். மறுபடியும் காட்டினாள். அம்மா தலையை ஆட்டிவைத்தாள்.

மறுநாள் மகள் வேலைக்குக் கிளம்பும்போது, கீழ்வீட்டுப் பிள்ளையின் சட்டையோடு அம்மா வாசலுக்கு வந்தாள். ஒரே ஒரு பொத்தான் தைத்திருந்தாள்.

"நேரா இருக்கா, பாத்துச் சொல்லேன். அப்புறம் குடுக்கறேன்."