பவுடர் பூசிய விண்வெளி வீராங்கனை

முதியோர் இல்லத்தில் இரவெல்லாம் ஆட்களைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு, சிந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது காலை ஏழரை. இடுப்பு கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. அவள் உள்ளே நுழைய, கணவன் பிரசாத் வேலைக்குக் கிளம்பினான். இந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் வாசற்படியில்தான் குடும்பம் நடத்துகிறார்கள்.

எட்டு வயது மஹதி அப்பாவின் பழைய ஆரஞ்சு ஜாக்கெட்டுக்குள் புதைந்து நின்றாள். அன்று தனக்குப் பிடித்த ஒருவரைப் போல உடுத்திப் போய்ப் பள்ளியில் நாலு வார்த்தை பேச வேண்டும். அவள் தேர்ந்தெடுத்தது மே ஜெமிசனை. டாக்டராக இருந்து, 1992இல் விண்வெளிக்குப் போன முதல் கறுப்பினப் பெண். சின்ன வயதில் விஞ்ஞானி ஆவேன் என்றபோது, நர்ஸ் என்றுதானே சொல்ல வந்தாய் என்று டீச்சர் கேட்டாராம். இரண்டு வாரமாகக் கேட்டுக் கேட்டுச் சிந்துவுக்கே மனப்பாடம்.

மகளுக்குத் தலை வாரி, ஜிப்பை இழுத்துவிட்டாள். கண் சொருகியது. கை தன் பாட்டுக்கு வேலையைப் பார்த்தது. அலமாரியிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்து நெற்றி, கன்னம், கழுத்து என்று ஒரு சுற்று. தினமும் செய்வதுதான். சிந்துவுக்கு அவள் அம்மா செய்ததும் அதுதான்.

மஹதி கண்ணாடியைப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"ஐ பிக்டு ஹெர் பிகாஸ் ஷீ லுக்ஸ் லைக் மீ," என்றாள். பிறகு, அம்மா தப்பிக்கக் கூடாது என்றோ என்னவோ, தமிழில் கேட்டாள். "என் கலர் உனக்குப் பிடிக்கலையா?"

தூக்கக் கலக்கத்தில் செய்துவிட்டேன் என்று சிந்து சொல்லலாம். எட்டு வருடமாகத் தினமும் தூக்கக் கலக்கமா? மகளின் முகத்தைக் கழுவிவிட்டாள். மஹதி பதிலுக்குக் காத்திருந்து பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். சிந்து அவளைக் காரில் கொண்டுபோய்ப் பள்ளியில் விட்டாள்.

திரும்பி வந்து படுத்தவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் விருதுநகரிலிருந்து அம்புஜம் பெரியம்மா வீடியோவில் கூப்பிட்டாள். மஹதி ஜாக்கெட்டைக்கூடக் கழற்றாமல் வந்து முகம் காட்டினாள். பாப்பா ஏன் இப்படிக் கறுத்துப்போனாள் என்று பெரியம்மா வழக்கம்போல விசாரித்தாள். அதற்குச் சிந்துவிடம் வழக்கமான பதில் ஒன்று உண்டு. இங்கே வெயில் அதிகம் என்பாள். ஒரு வாரமாக மழை விட்டபாடில்லை. ஆனாலும் அந்தப் பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

மஹதி திரையைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கறுத்துப்போகல பெரியம்மா," என்றாள் சிந்து. குரல் சோர்ந்துதான் வந்தது. "பொறந்ததுலேருந்து அவ கலரே அதுதான். எனக்குப் பிடிச்சிருக்கு."

மஹதி ஜாக்கெட்டோடு அம்மா மடியில் பொத்தென்று உட்கார்ந்தாள். சிந்துவுக்கு இடுப்பில் உயிர் போகிற வலி. அடுத்த ஷிஃப்டுக்கு மூன்று மணி நேரம்தான் இருந்தது. இறங்கு என்று சொல்ல மனம் வரவில்லை.