உப்பளத்தில் ஒரு செபமாலை

நடுவில் குந்தியிருப்பவள் கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள், சுற்றிலும் மற்ற பெண்கள் அவளுக்கு முதுகைக் காட்டியபடி தோளோடு தோள் ஒட்டி நிற்கிறார்கள், முந்தானைகள் உப்புக்காற்றில் படபடக்கின்றன, செபமாலைச் சத்தம் உயர்கிறது, எதற்கு இவ்வளவு சத்தமென்றால் உள்ளேயிருந்து வரும் சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாது, தான் அந்த வட்டத்துக்குள் இருக்கிறோமா வெளியே நிற்கிறோமா என்று பாராட்டு விழாக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் பேச்சித்தாய்க்கே இப்போது தெரியவில்லை, மேடையில் ரெஜினாளுக்குச் சால்வை போர்த்துகிறார்கள், உப்பளங்களில் வேலை செய்யும் பெண்களுக்காகத் தொண்டு நிறுவனம் நடத்துகிறவர் என்கிறது ஒலிபெருக்கி, எல்லோரும் கைதட்டுகிறார்கள், பேச்சித்தாயும் தட்டுகிறாள், காதில் மட்டும் அந்த முணுமுணுப்பு ஓயவில்லை.

பல வருஷங்களுக்கு முந்தைய மே மாத வெயில் அது, கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை உப்புப் பாத்திகள், ஒதுங்க ஒரு மரம் கிடையாது, ஒரு புதர் கிடையாது, விடியுமுன் வீட்டில் ஒதுங்கிவிட்டு வருகிற பெண்கள் சாயங்காலம் வரை அடக்கிக்கொள்வார்கள், அடக்குவதற்காகவே தண்ணீர் குடிக்கமாட்டார்கள், அளத்து முதலாளிக்கு மாதா பக்தி அதிகம், மாதாவின் வணக்க மாதத்தில் செபத்துக்கு மட்டும் வேலையை நிறுத்தலாம் என்று உத்தரவு போட்டிருந்தார், அந்தச் செபத்தை நடத்தத்தான் வெள்ளை அங்கியும் முக்காடுமாகக் கன்னியாஸ்திரீ ரெஜினாள் வந்தாள், கொஞ்ச நேரமாவது தாகத்தை அடக்கி அந்த ஒறுத்தலை மாதாவுக்கு ஒப்புக்கொடுங்க என்று இனிக்க இனிக்கச் சொன்னாள், பேச்சித்தாய்க்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, சிஸ்டர், நாங்க தெனமும் அதத்தான செய்யுதோம், எனக்கு மூத்திரத்துல ரத்தம் வருது, இன்னும் எத விடச் சொல்லுதீய? ரெஜினாள் செபத்தைக்கூட முடிக்காமல் போய்விட்டாள், மறுநாள் இடுப்பில் ஒரு குடம் தண்ணீரோடு வந்து நின்றாள், குடிங்க என்றாள், குடிச்சிட்டு எங்க சிஸ்டர் போக என்று பெண்கள் கேட்க, வட்டமா நில்லுங்க, எல்லாரும் வெளியே பார்த்து நில்லுங்க, ஒவ்வொருத்தரா உள்ளே போங்க, நான் செபமாலையை ஆரம்பிக்கிறேன். அடேயப்பா, என்ன நெஞ்சழுத்தம் அந்தப் பொம்பளைக்கு. வேலையை மேற்பார்க்கும் மிக்கேல் கங்காணி தூரத்தில் கைகூப்பி நிற்கிறார், பாவம் மனுஷன், நம்ம அளத்தில் இவ்வளவு பக்தியா என்று அவருக்குக் கண் கலங்குகிறது, இந்தப் பெண்களுக்கோ சிரிப்பை அடக்குவதுதான் பெரும்பாடு.

மாதம் முடிவதற்குள் விஷயம் கன்னியர் மடத்துக்கு எட்டிவிட்டது, அங்கே நடந்ததை ரெஜினாள் பிறகொரு நாள் சொல்லக் கேட்டதுதான், ஆனாலும் கதவோரம் நின்று பார்த்ததுபோலவே இருக்கிறது பேச்சித்தாய்க்கு, செபமாலையை அசிங்கப்படுத்திட்டீங்களே சிஸ்டர் என்று மடத்துத் தலைவியான மதர் அழாக்குறையாகக் கேட்கிறார், இனி அந்தப் பக்கம் போகக் கூடாது, போறதா இருந்தா இந்த உடுப்பைக் கழற்றி வச்சிட்டுப் போங்க என்கிறார். மதர், அந்த வட்டத்துல நின்னு சொன்ன மாதிரி மனசு ஒன்றி நான் என் ஆயுசுல செபம் சொன்னதில்லை என்கிறாள் ரெஜினாள், அங்கியை மடித்து வைக்கும்போது மட்டும் அழுதாளாம், பதினெட்டு வயதில் ஆசை ஆசையாகப் போட்டுக்கொண்ட உடுப்பு, அழாமல் என்ன செய்வாள்.

மே முடியுமுன்னரே நூல் சேலையில், வெறுந்தலையோடு அளத்துக்கு நடந்தே வந்தாள், கங்காணி மறித்துக்கொண்டார், நீங்க இப்ப சிஸ்டர் இல்லல்லா, மடத்துலருந்து வந்து நடத்துனாத்தான் செபம், போயிருங்கம்மா, எனக்கு வேல போயிரும். உடுப்பு இருந்தவரை இவர்களுக்கு ஒரு மறைப்பாவது இருந்தது, அதையும் நானே கெடுத்துவிட்டேனே என்று ரெஜினாள் நினைப்பது முகத்திலேயே தெரிகிறது, இசக்கியம்மனைத் தவிர எந்தச் சாமியையும் கும்பிட்டு அறியாத பேச்சித்தாய், உப்பு வாருகிற பலகையைப் போட்டுவிட்டுக் கரைமேட்டில் ஏறுகிறாள், வேலய விட்டுட்டு எங்கட்டி போற என்கிறார் கங்காணி, செபத்துக்குத்தான அண்ணாச்சி, சிஸ்டர் இல்லாட்டி என்ன, செபம் எங்களுக்கே தெரியும், சொல்லிக்கொண்டே மரியாள் செபத்தை உரக்கத் தொடங்கிவிட்டாள், வட்டத்தில் நின்று நின்று மனப்பாடமானது, ஒரு சொல் பிசகவில்லை, ஒவ்வொருத்தியாக வந்து தோளோடு தோள் சேர்கிறார்கள், செபத்தை நிறுத்து என்று கங்காணி எந்த வாயால் சொல்வார், ரெஜினாளும் ஓடிவந்து வரிசையில் நிற்கப் பார்க்கிறாள், பேச்சித்தாய் அவள் கையைப் பிடித்து நிறுத்துகிறாள், யம்மா, விடியக்காலம் பொறப்பட்டு இம்புட்டுத் தூரம் நடந்து வந்திருக்கீய, மொதல்ல நீங்க உள்ள போங்க, நாங்க நிக்கோம்லா.